கடலும் உள்ளே, காற்றும் உள்ளே

(‘வேதாகமக் கதைகள் பெரிதும் காட்டுவது வெளியில் நடந்த வரலாற்றையா, உள்ளத்தில் நடக்கும் வரலாற்றையா?’ என்னும் பட்டிமன்றத்தில், ‘உள்ளத்தில் நடக்கும் வரலாற்றையே’ என்ற அணியில் பேசியது)

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். “ஐயா தமிழ் வாத்தியார். நெற்றி நிறையத் திருநீறு. இவருக்கும் வேதாகமத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். (சிரிப்பு) நியாயமான கேள்விதான். சம்பந்தம் இருக்கிறதம்மா. எம்.ஏ. மாணவர்களுக்குப் பல வருஷம் இரட்சணிய யாத்திரிகம் நடத்தினவன் நான். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை பாடி 1894-இல் வெளிவந்த காப்பியம். இங்கிலாந்தில் ஜான் பனியன் என்பவர் 1678-இல் வெளியிட்ட ஒரு பயணக் கதையைத் தழுவியது. ஒருத்தன் ஊரை விட்டுக் கிளம்பி நடக்கிறான். வழியிலே ஒரு சேறு. அந்தச் சேற்றுக்குப் பெயரே மனத்தளர்ச்சி! ஒரு சந்தை வருகிறது. அதற்குப் பெயர் மாயை. ஒரு அரக்கன் பிடித்துக் கோட்டைக்குள் போட்டு அடைக்கிறான். அவன் பெயர் நம்பிக்கையின்மை.

நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “ஐயா, இந்த ஊரெல்லாம் எந்த மாவட்டத்துல இருக்குதுங்க?” வகுப்பே சிரிக்குது. நான் சொன்னேன், “தம்பி, நீ போன பரீட்சையிலே மூணு பேப்பர் போயிட்டுதுன்னு ரெண்டு வாரம் சாப்பிடாமக் கிடந்தியே, அப்ப நீ அந்த ஊர்லதான்டா இருந்தே!” (பலத்த சிரிப்பு)

அன்றைக்குத்தான் எனக்கே இந்தப் படிப்பு முறை பிடிபட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லி மனநிலையைக் காட்டுவது. தமிழனுக்கு இது புதுசா ஐயா? குறிஞ்சி என்றால் மலை மட்டுமா? கூடல். முல்லை என்றால் காடு மட்டுமா? காத்திருத்தல். மருதம் என்றால் ஊடல். நெய்தல் என்றால் இரங்கல். பாலை என்றால் பிரிவு. அந்தப் பாலைக்கு என்று தனி நிலம் கிடையாது. மழை பொய்த்தால் முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாகிவிடும். நேற்று வரைக்கும் பூத்துக் கிடந்த மனசு இன்றைக்குப் பொட்டல். சங்கப் பாட்டிலே பாலை வந்தால், எத்தனை ஏக்கர் என்று நாம் சர்வேயரை அனுப்புவதில்லை. ஆனால் வேதாகமத்திலே வனாந்தரம் என்று வந்தால் மட்டும், எங்கே, எத்தனை மைல் என்று வரைபடத்தை விரிக்கிறார்கள் என் எதிரணி நண்பர்கள்!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “இந்த உள்ளே, உள்ளே என்கிற வேலையெல்லாம் பின்னால் வந்த பண்டிதர்கள் கட்டிவிட்டது. மூலத்தில் அப்படிக் கிடையாது.” எழுதி வைத்துக்கொண்டேன். ஐயா, மாற்கு எழுதிய நற்செய்தி, 4-ஆம் அதிகாரம். விதைக்கிறவன் கதை எல்லாருக்கும் தெரியும். விதை கொஞ்சம் வழியோரம் விழுகிறது, கொஞ்சம் பாறையிலே, கொஞ்சம் முள்ளுக்குள்ளே, மீதி நல்ல நிலத்திலே. கதை முடிந்து தனியாக இருக்கும்போது சீடர்கள் வந்து அர்த்தம் கேட்கிறார்கள். இயேசு என்ன செய்கிறார்? அது கலிலேயாவில் இன்ன விவசாயி, இன்ன தேதியில் விதைத்தது என்றா சொன்னார்? நிலம் என்பது கேட்கிறவன் மனசு என்று விளக்குகிறார். முள் எது தெரியுமா? உலகக் கவலையும் பண ஆசையும். பாறை எது? கேட்டவுடனே சந்தோஷப்பட்டு, ஒரு கஷ்டம் வந்ததும் வாடிப்போகிற ஆள். ஆக, இந்த முறையைத் தொடங்கி வைத்தவர் பின்னால் வந்த பண்டிதர் இல்லை, கதை சொன்னவரே! அப்புறம் பவுல். கலாத்தியருக்கு எழுதின கடிதத்திலே ஆபிரகாம் வீட்டு இரண்டு பெண்களை, ஆகாரையும் சாராளையும், அடிமை வாழ்வுக்கும் விடுதலை வாழ்வுக்கும் உருவகமாக எடுத்துச் சொல்கிறார். உருவகம் என்று அந்தச் சொல்லையே போட்டுத்தான் எழுதுகிறார். (கைதட்டல்)

எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்குக் கொஞ்சம் வாருங்கள். இயேசு வாழ்ந்த அதே காலத்திலே அங்கே ஃபைலோ என்று ஒரு யூத அறிஞர் இருந்தார். ஆபிரகாம் தன் நாட்டையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுக் கிளம்பினான் என்று பழைய ஏற்பாடு சொல்கிறதல்லவா? அதை ஃபைலோ எப்படிப் படித்தார்? நாடு என்பது உடம்பு. இனம் என்பது புலன்கள். தகப்பன் வீடு என்பது பேச்சு. இதையெல்லாம் கடந்து உயிர் கிளம்பிப் போவதுதான் அந்தப் பயணம் என்றார். பேச்சை விட்டுவிட்டுக் கிளம்பணும் என்றால் எங்களைப் போன்ற பட்டிமன்றக்காரர்கள் கதி என்ன? நாங்கள் கிளம்பவே முடியாது! (சிரிப்பு)

அதே ஊரிலே சுமார் 185-இல் பிறந்தவர் ஓரிகன். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 202-ஆம் ஆண்டு வாக்கில், ரோமப் பேரரசன் செவெருஸ் காலத்திலே, கிறித்தவர் என்பதற்காக இவருடைய அப்பாவைச் சிறைப்பிடித்தார்கள். பையனுக்குப் பதினேழு வயதுகூட நிறையவில்லை. நானும் போய்ச் சாகிறேன் என்று துள்ளுகிறான். அம்மா கெஞ்சுகிறாள், கேட்கவில்லை. கடைசியில் அந்தத் தாய் என்ன செய்தாள் தெரியுமா? அவன் துணிமணி எல்லாவற்றையும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள்! உயிரைக் கொடுக்கத் தயார். ஆனால் உடுப்பில்லாமல் தெருவிலே இறங்கத் தயாரில்லை. (சிரிப்பு) பிள்ளை பிழைத்தது. அப்பாவைக் கொன்றுவிட்டார்கள், சொத்தும் பறிபோனது. கீழே ஆறு தம்பிகள். மூத்தவன் என்ன செய்தான்? இலக்கண வாத்தியாராகிக் குடும்பத்தைக் காப்பாற்றினான். நம்ம ஜாதி! அதாவது, வாத்தியார் ஜாதி. (கைதட்டல்)

அந்த இலக்கண வாத்தியார்தான் எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆதியாகமத்திலே சூரியனைப் படைத்தது நாலாம் நாள். அப்படியானால் முதல் மூன்று நாளுக்குக் காலையும் மாலையும் எப்படி வந்தது? கடவுள் ஒரு குடியானவரைப் போல மண்வெட்டி எடுத்துத் தோட்டம் போட்டார் என்று எந்த அறிவாளி நம்புவான்? கேட்டது நாத்திகர் இல்லை ஐயா. வேதத்துக்காகப் பிற்காலத்தில் சிறையிலே சித்திரவதைப்பட்டு, அந்தக் காயத்தோடு கொஞ்ச காலத்தில் இறந்துபோன மனுஷன். வேதத்துக்கு உடம்பு, உயிர், ஆவி என்று மூன்று அடுக்கு உண்டு. எழுத்து என்பது உடம்பு மட்டும்தான் என்றார் அவர்.

எண்ணாகமம் 33-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? சாதாரணமாக எவரும் அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள். பஸ் போர்டு மாதிரி இருக்கும். இந்த இடத்திலிருந்து புறப்பட்டு அந்த இடத்தில் கூடாரம் போட்டார்கள், அந்த இடத்திலிருந்து புறப்பட்டு இன்னோர் இடத்தில் கூடாரம் போட்டார்கள்... எகிப்தை விட்ட மக்கள் கானான் எல்லை வருகிற வரைக்கும் இதே கதைதான். ஓரிகன் உட்கார்ந்து எண்ணுகிறார்: 42 தங்கல்கள். மத்தேயு நற்செய்தியில் ஆபிரகாம் முதல் இயேசு வரைக்கும் எண்ணினால் 42 தலைமுறை. அடடா, கடவுள் 42 படி இறங்கி வந்திருக்கிறார், மனுஷன் 42 படி ஏறிப் போக வேண்டியிருக்கிறது என்று முடிச்சுப் போடுகிறார். ஒவ்வொரு தங்கலும் உயிர் வளர்கிற ஒரு கட்டம். இவ்வளவு துல்லியமாக எண்ணிச் சேர்ப்பது எனக்குக் கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தங்கலை மட்டும் பாருங்கள்.

மாரா. மாரா என்றால் கசப்பு. கடலைத் தாண்டிப் பாட்டெல்லாம் பாடி ஆடியவர்கள், மூன்று நாள் தண்ணீரில்லாமல் நடந்து மாராவுக்கு வருகிறார்கள். தண்ணீர் இருக்கிறது, வாயில் வைக்க முடியவில்லை. விடுதலை கிடைத்து மூணே நாளிலே கசப்பு! எத்தனை வீட்டிலே பார்க்கிறோம்? வேலை கிடைக்கவில்லை என்று அழுதவன், வேலை கிடைத்த முதல் மாசமே மேனேஜரைத் திட்டிக்கொண்டு வருகிறான். கல்யாணம் ஆகவில்லையே என்று ஏங்கினவர்கள்... சரி, வேண்டாம், குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி. (பலத்த சிரிப்பு)

மாராவிலே மோசே ஒரு மரத்தைத் தண்ணீரில் போட, அது இனிப்பாக மாறுகிறது. ஓரிகனுக்கு அந்த மரம் சிலுவை. அடுத்த தங்கல் ஏலிம். பன்னிரண்டு நீரூற்று, எழுபது பேரீச்ச மரம். கசப்பைத் தாண்டினவனுக்குத்தான் நிழல் என்கிறார். சரிதான். ஆனால் நான் அடுத்த வரியையும் பார்த்தேன். ஏலிமிலிருந்து புறப்பட்டால் மறுபடியும் கடற்கரை, மறுபடியும் வனாந்தரம்! மனசு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த ஒருவரால்தான் இந்த வரிசையை இப்படி விட்டுவைக்க முடியும். ஒரு நல்ல நாள் வந்துவிட்டால் இனி எல்லாம் நல்ல நாளே என்று நம் தலைவர்கள் சொல்வார்கள், வேதம் சொல்லவில்லை.

இது வெறும் பண்டிதர் விளையாட்டு என்று எதிரணி நண்பர் சொல்லக்கூடும். ஒருத்தருடைய வாழ்க்கையையே இது திருப்பிப் போட்டது ஐயா. அகுஸ்தீன் என்கிற வடஆப்பிரிக்க இளைஞர். பேச்சுக்கலை வாத்தியார். பழைய ஏற்பாட்டுக் கதைகளைப் படித்து, இதெல்லாம் ஒரு வேதமா என்று தூக்கி எறிந்தவர். 384-இல் வேலை கிடைத்து மிலான் நகரத்துக்குப் போகிறார். அங்கே ஆயர் அம்புரோஸ் பிரசங்கம் செய்கிறார். பேச்சு எப்படி இருக்கிறது, ஏற்ற இறக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிறார் இவர். தொழில் புத்தி! அம்புரோஸ் அதே பழைய கதைகளை உள்ளத்தின் கதைகளாக அவிழ்த்துக் காட்டுகிறார். பேச்சைக் கேட்கப் போனவருக்குள் பொருள் இறங்கிவிட்டது. 387-இல் ஞானஸ்நானம் பெற்றார்.

அந்த அகுஸ்தீன் பிற்காலத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். கலிலேயாக் கடலில் வந்த புயலைப் பற்றி. விதைக்கிறவன் கதை சொன்ன அதே நாள் சாயங்காலம் நடந்தது என்று மாற்கு எழுதுகிறார். இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். காற்று, அலை, படகுக்குள் தண்ணீர். சீடர்கள் எழுப்புகிறார்கள். அவர் எழுந்து அதட்டினதும் அடங்குகிறது. எதிரணிப் பேராசிரியர் இதற்கு ஒரு நல்ல பூகோளப் பாடம் நடத்தினார். அந்த ஏரி கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, சுற்றிலும் மேடு, திடீரென்று காற்று இறங்கும் என்றார். உண்மை. மறுக்கவில்லை.

அகுஸ்தீன் என்ன சொன்னார் தெரியுமா? ஒருத்தன் உன்னைக் கேவலமாகப் பேசிவிட்டான். அதுதான் காற்று. உனக்குக் கோபம் பொங்குகிறது. அதுதான் அலை. படகு என்பது உன் மனசு. திருப்பி அடிக்கத் துடிக்கிறாயே, ஏன்? உனக்குள் இருக்கிறவர் தூங்குகிறார். அதாவது, நீ அவரை மறந்துவிட்டாய். எழுப்பு. எழுப்புவது என்றால் நினைத்துக்கொள்வது, அவ்வளவுதான்.

இப்ப வீட்டுக்கு வாங்க. ராத்திரி எட்டு மணி. “உங்க அக்கா நம்ம வீட்டு விசேஷத்துக்கு என்ன செஞ்சாங்க?” இது காற்று. “எங்க அக்காவைப் பத்திப் பேச உனக்கு என்னடி யோக்கியதை?” இது அலை. ஒன்பது மணிக்குப் படகிலே முழங்கால் அளவு தண்ணி! (சிரிப்பு, கைதட்டல்) கலிலேயாவின் பூகோளம் தெரிந்தால் அங்கே போய்ப் படகு ஓட்டலாம். ஆனால் இந்தத் தண்ணீரை இறைத்து ஊற்ற அந்தப் பூகோளம் உதவுமா? அந்த எட்டு மணிக்கு, ஒரே ஒரு நிமிஷம், உள்ளே தூங்குகிறதை எழுப்பத் தெரிந்தால் போதும். கிறித்தவர்கள் அதைக் கிறிஸ்து என்பார்கள். இந்த அரங்கத்திலே வேறு பெயர் சொல்கிறவர்களும் இருப்பீர்கள். எழுப்புகிற வேலை ஒன்றுதான்.

சரி, சிரித்தது போதும். இப்போது சிரிக்க முடியாத இடத்துக்கு வருகிறேன்.

பழைய ஏற்பாட்டிலே கொலை இருக்கிறது. எகிப்திலே தலைப்பிள்ளைகள் எல்லாம் ஒரே ராத்திரியில் சாகின்றன. யோசுவா ஊர் ஊராகப் பிடித்து, ஆண் பெண் குழந்தை என்று பாராமல் வெட்டுகிறார். படிக்கிறவனுக்கு வயிற்றைப் பிசைகிறது. நாலாம் நூற்றாண்டின் கடைசியில், இன்றைய துருக்கிப் பகுதியில், நைசா என்ற ஊரின் ஆயர் கிரகோரி, மோசேயின் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது நேராகக் கேட்டார்: அப்பன் செய்த பாவத்துக்குப் பச்சைக் குழந்தை ஏன் சாக வேண்டும்? இதில் நியாயம் எங்கே? ஒரு பாதிரியார் இப்படிக் கேட்கலாமா என்று அவர் பயப்படவில்லை. தலைப்பிள்ளை என்பது தீமையின் முதல் பிறப்பு என்றார். கோபத்தைத் தலைப்பிள்ளையாக இருக்கும்போதே ஒழித்தால் கொலை என்கிற அடுத்த பிள்ளை பிறக்காது. ஓரிகன் இன்னும் ஒரு படி மேலே போனார். இந்தப் போர்களெல்லாம் உள்ளத்துப் போர்களின் சாயல் இல்லையென்றால், அமைதியைச் சொல்ல வந்த இயேசுவின் சீடர்கள் இந்தப் புத்தகங்களைச் சபையில் வாசிக்கக் கொடுத்திருக்கவே மாட்டார்கள் என்றார்.

இதை விட்டுவிட்டு எழுத்துக்கு எழுத்து எடுத்தால் என்ன ஆகும்? ஆனது ஐயா. வட அமெரிக்காவிலே, கனெக்டிகட் பகுதியில், 1637 மே 26. பீக்வாட் என்ற பழங்குடி மக்கள் மிஸ்டிக் என்ற இடத்தில் மரவேலி கட்டிய கிராமத்தில் விடியற்காலை தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேயக் குடியேறிகள், வேறு சில பழங்குடிகளையும் கூட்டிக்கொண்டு வந்து சுற்றி வளைத்துத் தீ வைத்தார்கள். தப்பி ஓடி வந்தவர்களையும் விடவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான பேர்; பெண்களும் குழந்தைகளும்தான் நிறைய. அந்தப் படைத்தலைவர்களில் ஒருவர் ஜான் அண்டர்ஹில். மறு வருஷமே லண்டனில் புத்தகம் போட்டார். கிறித்தவர்களுக்கு இரக்கம் வேண்டாமா என்று கேட்பீர்கள் என்று அவரே எழுதிவிட்டு, தாவீது ராஜாவின் போர்களைப் போய்ப் படியுங்கள், சில வேளை பெண்டு பிள்ளைகளும் சேர்ந்து அழிய வேண்டும் என்று வேதமே சொல்கிறது என்று பதில் கொடுத்தார்.

அரங்கத்திலே சத்தமே இல்லை பார்த்தீர்களா? அதே வசனம்தான். அலெக்சாந்திரியாவில் ஒருத்தர் அதைப் படித்துத் தன் கோபத்தைக் கொல்லப் போனார். கனெக்டிகட்டில் ஒருத்தர் அதைப் படித்துத் தொட்டிலுக்குத் தீ வைத்தார். வெளியில் நடந்த வரலாறா, உள்ளத்தில் நடக்கும் வரலாறா என்பது ஏதோ கிறிஸ்துமஸுக்குப் பொழுதுபோக்க வைத்த தலைப்பு என்று நினைக்காதீர்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்ற கேள்விக்கு நீங்கள் சொல்கிற பதிலில் உயிர்கள் தொங்குகின்றன. (நீண்ட கைதட்டல்)

நடுவர் ஐயா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். “நீ மட்டும் யோக்கியமா? உன் கட்சியில் ஓட்டையே இல்லையா?” என்று பார்க்கிறார். இருக்கிறது. பட்டிமன்றத்தில் தன் கட்சி ஓட்டையைச் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனாலும் சொல்கிறேன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி ஒரு கேள்வி கேட்டான். “ஐயா, எல்லாம் உள்ளே என்கிறீர்களே, எரிகோ ரோட்டிலே அடிபட்டுக் கிடந்தானே ஒருத்தன், அவனும் உள்ளேயா?” நல்ல அடி. கன்னம் இன்னும் எரிகிறது. எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 750 மீட்டர், எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே 250 மீட்டர். கள்ளர்களுக்குத் தோதான இறக்கம். அடிபட்டவன் கிடக்கிறான்; பூசாரி ஒதுங்கிப் போகிறார்; லேவியர் ஒதுங்கிப் போகிறார்; தாழ்வாக நினைக்கப்பட்ட சமாரியன் நின்று தூக்குகிறான். எங்கள் கட்சிப் பெரியவர்கள் இதை என்ன செய்தார்கள்? அடிபட்டவன் ஆதாம், எருசலேம் சொர்க்கம், எரிகோ உலகம், சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை என்று பிரித்துவிட்டார்கள். அழகுதான். ஆனால் இதையெல்லாம் பிரித்து முடிக்கிறதற்குள் ரோட்டிலே கிடக்கிறவன் செத்துப் போவான்! அந்தியோகியாவிலே இருந்த ஒரு பள்ளியார், தியோதோர் போன்றவர்கள், அந்தக் காலத்திலேயே எங்களவரைப் பார்த்து, நடந்ததைக் கரைத்துக் குடித்துவிடாதீர்கள் என்று சண்டை போட்டார்கள். நியாயமான சண்டை. ஓரிகனுக்கும் இது தெரிந்திருந்தது. அத்தனை உருவகமும் சொல்லிவிட்டு, நீயும் போய் அடிபட்டவன் காயத்தைக் கட்டு என்றுதான் முடித்தார்.

இன்னொன்றும் உண்டு. மலைப்பொழிவிலே மத்தேயு எழுதுவது உள்ளத்தில் எளியவர்களைப் பற்றி. லூக்காவோ மொட்டையாக ஏழைகள் என்றே எழுதிவிட்டு, பின்னாலேயே பணக்காரர்களுக்கு எச்சரிக்கையும் வைக்கிறார். பணக்காரனுக்கு மத்தேயு பிடிக்கும். “நான் உள்ளத்திலே ஏழைங்க” என்று ஏ.சி. காரிலிருந்து சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? (சிரிப்பு) அந்தக் காருக்குள் இருக்கிறவனுக்கு லூக்காவைத்தான் படித்துக் காட்ட வேண்டும்.

ஆகவே என் கட்சியைக் கொஞ்சம் திருத்திச் சொல்லிக்கொள்கிறேன். எதிரியைப் பற்றி வேதம் பேசினால் கண்ணாடியைப் பார். அடிபட்டவனைப் பற்றிப் பேசினால் தெருவைப் பார். தெருவைப் பார்க்கிற இடத்தில்கூட, நம்மை ஒதுங்கிப் போக வைக்கிறது எது என்று கேட்டால், மறுபடியும் நம் கட்சிக்குத்தான் வந்தாக வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 3-ஆம் தேதி மெம்பிஸ் நகரத்தில், வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் பேசினார். மறுநாள் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தக் கடைசிப் பேச்சிலே எரிகோ ரோட்டைப் பற்றிச் சொன்னார். அவரே மனைவியோடு அந்த ரோட்டில் காரில் போயிருக்கிறார். வளைந்து வளைந்து போகிற ஆபத்தான ரோடு. ஒதுங்கிப் போனவர்கள் பொல்லாதவர்களாக இருக்க வேண்டியதில்லை, பயந்திருப்பார்கள் என்றார். நின்றால் எனக்கு என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டார்கள். நிற்காவிட்டால் இவனுக்கு என்ன ஆகும் என்று சமாரியன் கேட்டான். ரோடு வெளியே ஐயா. அந்தக் கேள்வி எங்கே?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா. என் வீட்டு விஷயம்.

ஊதாரி மகன் கதை. இளையவன் பாகத்தை வாங்கிக்கொண்டு தூர தேசம் போய், எல்லாவற்றையும் அழித்து, பன்றி மேய்க்கிற நிலைக்கு வந்து, திரும்புகிறான். அவன் திரும்புகிற இடத்தில், கிரேக்க மூலத்திலே, அவன் தனக்குள் வந்தான் என்கிற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. தமிழில் புத்தி தெளிந்தது என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் தூர தேசம் எது? தன்னை விட்டுத் தான் போன தூரம். இந்த இடத்தை நான் வகுப்பிலே முக்கால் மணி நேரம் நடத்துவேன். பிள்ளைகள் கண் கலங்குவார்கள்.

எனக்கு ஒரு தம்பி. அவன் பாகத்துக்கு வந்த நிலத்தை விற்று, வெளியூரில் தொழில் செய்கிறேன் என்று போனான். கடன். என் கையெழுத்து போட்ட கடனும் அதிலே உண்டு. மூன்று வருஷம் நான்தான் கட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் நான் ஊருக்குப் போனபோது அவன் அம்மா வீட்டிலே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எலும்பும் தோலுமாக இருக்கிறான். அம்மா வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருக்கிறாள், அவனுக்குப் பிடிக்கும் என்று. எனக்குப் பிடித்தது அது இல்லை. நான் திண்ணையிலே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போகவில்லை.

அன்றைக்கு வரைக்கும் இந்தக் கதையிலே நான் இளையவனைப் பற்றியே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கதையிலே இன்னொருத்தன் இருக்கிறான். மூத்தவன். வயலிலிருந்து வருகிறான், உள்ளே ஆட்டமும் பாட்டமும் கேட்கிறது, கோபத்தோடு வெளியிலேயே நின்றுவிடுகிறான். இத்தனை வருஷம் உழைத்தேனே, எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி உண்டா என்று கேட்கிறான். தகப்பன் இளையவனுக்காக ஓடி வந்த மாதிரியே இவனுக்காகவும் வெளியே வருகிறார். அவன் எந்த ஊருக்கும் போகவில்லை. வாசலிலேயே தூர தேசத்தில் நிற்கிறான்.

எங்க அம்மா ஒரு தம்ளர் தண்ணியோடு திண்ணைக்கு வந்தாள். அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. லூக்கா யாரென்று தெரியாது. “இலை போட்டிருக்கேன், வா” என்றாள். நான் “பசிக்கலை” என்றேன்.

மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவில்லை. கதை வாசலிலேயே நின்றுவிடுகிறது. நான் அன்றைக்கு ராத்திரி பஸ் ஏறி வந்துவிட்டேன். பதினோரு நாள் கழித்து மறுபடியும் போனேன். தம்பிதான் கதவைத் திறந்தான்.